இரண்டாவது கையெழுத்து

எங்கள் ஊரில் யாரும் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்லமாட்டார்கள். "பாத்துக்கலாமுங்க" என்பார்கள். கைமாற்று கேட்டாலும் பாத்துக்கலாமுங்க, பெண் கேட்டாலும் பாத்துக்கலாமுங்க. இந்த விஷயமாக இனி இந்த வாசலுக்கு வராதே என்று அதற்கு அர்த்தம். வெளியூர்க்காரர்கள் அதைச் சம்மதம் என்று நம்பி நாலு நடை நடந்து ஏமாறுவார்கள். நான் கோயமுத்தூரிலேயே பிறந்து ஐம்பது வயதைத் தொட்டவள், எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், எங்கள் தெருப் பெரிய மனிதர் செங்கோட்டையன் மூன்றாவது முறை அதைச் சொன்னபோது ஆசைப்பட்ட மனசு அதைச் சம்மதம் என்றே எடுத்துக்கொண்டது. இதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை நான் செய்ததில்லை.

என் பெயர் ஆக்னஸ் லியாவ். ஆர்.எஸ்.புரத்தில் ‘சீனா டாக்டரம்மா வீடு’ என்று சொன்னால் எந்த ஆட்டோக்காரரும் கேட் வாசலில் இறக்கிவிடுவார். பல் வைத்தியம் எங்கள் குடும்பத் தொழில். அப்பா சீனாவில் ஹுபே பக்கத்திலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பலில் வந்து, அங்கிருந்து ரயிலேறி, வெள்ளைக்காரன் காலத்திலேயே இந்த ஊரில் ஆஸ்பத்திரி போட்டவர். நான் அவரிடம் தொழில் கற்று, பிறகு சென்னையில் படித்துப் பட்டமும் வாங்கினேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கல்கத்தாவிலிருந்து வந்த வரன்களுக்கு என் தமிழ் பிடிக்கவில்லை, எனக்கு அவர்கள் முகம் பிடிக்கவில்லை.

இங்கேயே பிறந்தும் அரசாங்கக் கணக்கில் நான் அந்நிய நாட்டுக்காரி. அறுபத்திரண்டில் சீனாவோடு சண்டை வந்ததிலிருந்து இப்படி. கையில் ஒரு அனுமதிச் சீட்டு, வருஷா வருஷம் போய் வரிசையில் நின்று அதைப் புதுப்பிக்க வேண்டும். சண்டை முடிந்த புதிதில் அப்பா மேட்டுப்பாளையம் போய்வரக்கூட அனுமதி கேட்க வேண்டியிருந்தது. ஊட்டியில் சித்தப்பா இறந்தபோது அடக்கத்துக்குப் போக எழுதிக் கொடுத்தார். அனுமதி வந்தது, ஆனால் அதற்குள் சித்தப்பாவைப் புதைத்துப் புல் முளைத்திருந்தது. அப்பா அந்தக் காகிதத்தை மடித்துப் பீரோவில் வைத்தார். யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தப் பொறுமை எனக்கு வாய்க்கவில்லை.

போன வருஷம் நான் இந்தியக் குடியுரிமைக்கு மனுப் போட முடிவு செய்தேன். இந்தியர்கள் இரண்டு பேர், இவள் நல்லவள், இந்த நாட்டுக்கு விசுவாசமாக இருப்பவள், எனக்கு நேரில் தெரியும் என்று உறுதி கூறிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு கையெழுத்து சுலபமாகக் கிடைத்தது. எனக்கு மூன்றாம் வகுப்பு எடுத்த ஞானாபரணம் டீச்சர், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "இதுக்குக் கூடவா சாட்சி கேக்கறாங்க, அநியாயம்" என்று சொல்லிக்கொண்டே போட்டார். இரண்டாவது கையெழுத்து கொஞ்சம் கனமான ஆளுடையதாக இருந்தால் நல்லது என்றார் வக்கீல்.

கனமான ஆள் என்றால் செங்கோட்டையன்தான். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி பங்களா. பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் பம்பு கம்பெனி. சங்கத்துக்குத் தலைவர், கோயிலுக்குத் தர்மகர்த்தா, மேடை கிடைத்தால் பேச்சாளர். ஐந்தாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர், சிலேட்டைத் துடைக்க என் தண்ணீரைத் திருடியவர். அவருடைய கடைவாய்ப் பற்கள் மூன்று நான் கட்டியவை. முதல் முறை கேட்டபோது, "அதுக்கென்னங்க டாக்டரம்மா, பாத்துக்கலாமுங்க" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பி பிரான்சிஸ் கனடாவுக்குக் கிளம்ப ஆரம்பித்தான். அவனுக்கு ஊரில் ஒரு சீன ஓட்டலும் மூன்று பியூட்டி பார்லரும் இருந்தன, நல்ல வசதி. கல்கத்தாவில் தோல் பட்டறை வைத்திருந்த எங்கள் சொந்தக்காரர்கள் பாதிப்பேர் ஏற்கெனவே டொராண்டோ போய்விட்டார்கள். காசு சேர்ந்த சீனக் குடும்பம் எதுவும் மிச்சமில்லை. பிரான்சிஸ் எனக்கும் சேர்த்துக் கனடா மனுவைப் பூர்த்தி செய்து வைத்திருந்தான், என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

"ஏனக்கா, நம்மள நம்பாத ஊருக்கு நாம எதுக்கு விசுவாசமா இருக்கோணும்?" என்பான்.

"ஊரை உட்டுப் போனா நம்பீருவாங்களாடா?"

"நம்பாட்டிப் போறாங்க. அங்க போயி நிம்மதியாத் தூங்கலாமில்ல."

எனக்கு இங்கேயே நன்றாகத் தூக்கம் வந்தது. நான் கேட்டது தூக்கத்தை இல்லை. பிறந்த ஊரில் விருந்தாளி என்ற பெயரோடு சாக எனக்கு இஷ்டமில்லை. அவ்வளவுதான். அடுத்த வருஷ முடிவுக்குள் கனடாவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்குள் இங்கே மனு ஒப்படைத்திருந்தால்தான் தம்பியின் வாயை என்னால் அடைக்க முடியும்.

இரண்டாம் முறை செங்கோட்டையன் வீட்டுக்குப் போனபோது அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஹாங்காங் சீனாவின் கைக்குப் போன சமயம். அதைப் பற்றி ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தார்கள்.

"பாத்தீங்களா டாக்டரம்மா" என்று பேப்பரைத் தட்டினார். "ஹாங்காங்குல இருக்கற பணக்காரச் சீனாக்காரனெல்லாம் பொட்டி கட்டறானாமுங்க. சொந்த நாடு கைக்கு வருது, இவன் கனடாவுல ஊடு வாங்கறான். காசு சேந்தா நாடு தேவையில்லைன்னு ஆயிருதுங்க உங்காளுகளுக்கு."

உங்காளுக. ஹாங்காங்கை நான் படத்தில்கூடச் சரியாகப் பார்த்ததில்லை.

"உங்க பையன் நிதீஷ் எங்கீங்க இருக்கறான்?" என்றேன்.

"அது வேறீங்க. அவன் பொழப்புக்குப் போனவன். பதினொரு வருஷமா அமெரிக்காவுல இருக்கறான், இன்னும் க்ரீன் கார்டுதான். சிட்டிசன் ஆகறதுக்கு எத்தனை வாட்டி கூப்ட்டாங்கங்கறீங்க? முடியாதுன்னுட்டான். கொடியை மாத்தலீங்க எம்பட பையன்."

இதை அவர் என்னிடம் மட்டும் சொல்லவில்லை. சுதந்திர தினத்தன்று சங்கத்து மேடையில் மைக்கைப் பிடித்துச் சொன்னார், ஊரே கை தட்டியது. அந்த இரண்டாம் முறையும் கையெழுத்து விஷயத்தை எடுத்தேன். "பாத்துக்கலாமுங்க. நீங்க காப்பி சாப்புடுங்க" என்றார்.

பிறகு இந்த வருஷம் வந்தது. பிப்ரவரியில் ஊரில் குண்டுகள் வெடித்தன. செத்தவர்களைப் புதைக்கும் முன்பே எவன் யார் என்று ஊர் எண்ண ஆரம்பித்துவிட்டது. என் ஆஸ்பத்திரியின் பின்னறையில் பல் செட் செய்யும் மெஹராஜ், இருபது வருஷத்துக்கும் மேலாக என்னிடம் இருப்பவர், மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போவதை நிறுத்திவிட்டார். முஸ்லிம்கள் அதிகம் உள்ள கோட்டைமேட்டிலிருந்து வரும் வழியில் தினமும் யாராவது நிறுத்தி எங்கே போகிறாய் என்று கேட்டார்கள். கேட்டவர்களில் இரண்டு பேர் அவர் செய்த பல் செட்டைப் போட்டுக்கொண்டுதான் கேட்டார்கள்.

மே மாதம் ராஜஸ்தான் பாலைவனத்தில் அணுகுண்டு சோதனை. சீனாவை நினைத்துத்தான் இது என்று டெல்லியில் யாரோ சொன்னதாகப் பேப்பரில் வந்தது. அன்று சாயங்காலம் செங்கோட்டையன் தலைமையில் வெடி வெடித்து ஊர்வலம் போனார்கள். எங்கள் கேட் வாசலில் பத்தாயிரம் வாலாவைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். காலையில் பார்த்தால் ஆஸ்பத்திரிப் பலகையில் சாணி அப்பியிருந்தது.

மெஹராஜ் வாளியும் துணியுமாக வந்து கழுவினார். "ஏனுங்க டாக்டரம்மா, மூணு மாசமா நான் ஒருத்தனே கெட்டவனா இருந்தேன். இப்ப உங்களையுஞ் சேத்துக்கிட்டாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை என்று நினைக்கிறேன்.

மூன்றாம் முறை போனது அதற்குப் பிறகுதான். கோபத்தை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு, காகிதத்தோடு போனேன். அவர் மனைவி நஞ்சம்மாள் காப்பியும் முறுக்கும் கொண்டுவந்து வைத்து, நலம் விசாரித்து, உள்ளே போனார். செங்கோட்டையன் காகிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"நான் சொல்றனேன்னு தப்பா எடுத்துக்காதீங்க டாக்டரம்மா. உங்க தம்பி ஓட்டலை வித்துப்போட்டுக் கனடா போறாரு. நாளைக்கு நீங்களும் பின்னாலயே போயிட்டீங்கன்னு வைங்க. இவங்க விசுவாசமானவங்கன்னு எழுதிக் குடுத்த நான் எம்பட மூஞ்சியக் கொண்டுபோயி எங்கீங்க வெக்கறது?"

"போறதில்லைன்னுதானுங்க நான் இதை எழுதறேன். போறவ எதுக்குங்க குடியுரிமை கேக்கறா?"

"அதுவுஞ் செரிதானுங்க." கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். "இப்ப நேரஞ் செரியில்லீங்க. சூடு கொஞ்சம் ஆறட்டும். ஆவணியில நம்ம நிதீஷ் தம்பிக்குக் கல்யாணம், பொள்ளாச்சிப் பக்கம் பொண்ணு. நீங்க மொத நாளே வந்துரோணும். கல்யாணம் முடிஞ்சு பாத்துக்கலாமுங்க."

கல்யாணம் முடிந்து என்று ஒரு தேதி போல ஏதோ சொன்னாரே, அதைப் பிடித்துக்கொண்டேன். காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு, முறுக்கை மென்றுகொண்டு, கிட்டத்தட்ட சந்தோஷமாகவே வீட்டுக்கு வந்தேன்.

ஆடி மாசக் கடைசியில் என் அனுமதிச் சீட்டைப் புதுப்பிக்கும் நாள் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் பதிவு செய்யும் அறை என்று ஒரு கட்டடத்தின் பின்பக்கம் இருக்கிறது. அந்த வரிசையில் பெரும்பாலும் நான் மட்டும்தான் நிற்பேன். எப்போதாவது ஈரோட்டுப் பக்கம் படிக்க வந்த ஆப்பிரிக்கப் பையன்கள் இருப்பார்கள். அன்று எனக்கு முன்னால் ஒருவன் நின்றான். நல்ல உயரம், வெளிநாட்டு பூட்ஸ், கழுத்தில் தங்கச் சங்கிலி. திரும்பியதும் முகம் வெளுத்துவிட்டது. செங்கோட்டையன் மகன் நிதீஷ்.

"ஆன்ட்டி" என்றான்.

"நீ எங்கப்பா இந்த வரிசையில?"

கையிலிருந்ததை மறைக்கப் பார்த்தான். நீல அட்டை, மேலே தங்க நிறத்தில் கழுகு. அமெரிக்கப் பாஸ்போர்ட். விசாவில் ஏதோ ஒரு முத்திரை பாக்கியாம், அதற்காக வந்திருந்தான்.

"எப்போ மாறினே?"

"இந்த மார்ச்சுலதானுங்க ஆன்ட்டி. கம்பெனியில சிட்டிசனா இருந்தாத்தான் அந்த வேலை குடுப்பாங்க." குரலைத் தாழ்த்தினான். "அப்பாகிட்டச் சொல்லீராதீங்க. மேடையில ஏறிக் கொடி மாத்தலைன்னு பேசிட்டாரு. இப்பத் தெரிஞ்சா என்னை வெட்டிப்போடுவாரு. பொண்ணு ஊட்லயுஞ் சொல்லலீங்க, சொன்னா அப்பா காதுக்கு வந்துரும். கல்யாணம் முடிஞ்சு, நான் பிளேன் ஏறுன பொறகு சொல்லிக்கறேன்."

"என்னப்பா சொல்லச் சொன்னாங்க, மாறும்போது?"

"கையைத் தூக்கி ஒரு சத்தியம் பண்ணச் சொல்வாங்க. இதுவரைக்கும் எந்த நாட்டுக்கு விசுவாசமா இருந்தனோ அதை முழுசா விட்டுடறேன்னு. எல்லாருஞ் சொல்றதுதான். ஒரு ஹால்ல எரநூறு பேரு சொன்னோம்."

இந்த ஊரில் பிறந்த இரண்டு அந்நியர்கள் அந்த வரிசையில் நின்றோம். அவன் கேட்டு வாங்கிக்கொண்ட அந்நியன், நான் கேட்காமலே அந்நியமாக்கப்பட்டவள். அவனைக் கூப்பிட்ட குமாஸ்தா, "சார், உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். என்னிடம் போன வருஷச் சீட்டு எங்கே என்று கேட்டார். வீட்டுக்கு வந்தும் எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. ஆனாலும் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று பையனுக்குத் தலையாட்டியிருந்தேன். கையெழுத்து வரட்டும், நமக்கெதற்கு அடுத்த வீட்டுச் சோலி என்றுதான் இருந்தேன்.

கல்யாணத்துக்கு மாவு மில்லுக்காரரிலிருந்து மந்திரியின் மச்சான் வரை கூட்டம். பெரியநாயக்கன்பாளையத்து மண்டப வாசலில் வாழை, தென்னங்குருத்து, குதிரை வண்டி. பட்டுப்புடவையில், கைப்பையில் அந்தக் காகிதத்தோடு போனேன். சந்தோஷமாக இருக்கும் மனிதன் கேட்டதைக் கொடுப்பான் என்று ஒரு கணக்கு. நஞ்சம்மாள் என் கையைப் பிடித்து அழைத்துப்போய் வெளிப் பந்தலில் முன்வரிசையில் உட்காரவைத்தார்.

கொங்குக் கல்யாணங்களில் நாட்டுக்கல் சீர் என்று ஒரு சடங்கு உண்டு. மண்டபத்துக்கு வெளியே பந்தலில் ஒரு கல்லை நட்டுவைத்திருப்பார்கள். அந்தக் கல்தான் இந்த நாடு, இந்த மண். மாப்பிள்ளை ஊரார் நடுவில் அதன் முன்னால் வந்து நின்று, தேங்காய் பழம் வைத்துக் கும்பிட்டு, இந்த மண்ணுக்குக் கட்டுப்பட்டவன் நான் என்று தலை வணங்கிவிட்டுத்தான் தாலி கட்டப் போகவேண்டும். சீர்களை நடத்திவைக்கும் பெரியவரை அருமைக்காரர் என்பார்கள். அன்றைக்கு வந்திருந்த அருமைக்காரர் நஞ்சுண்டன் என்பவர், ஒல்லியாக, தலையில் உருமால் கட்டிக்கொண்டு, எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார்.

சீர் ஆரம்பிக்கும் நேரத்தில் செங்கோட்டையன் சம்பந்தியைக் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். பொள்ளாச்சியில் தென்னந்தோப்புகள் உள்ளவர், வெள்ளை வேட்டி, கவலைப்பட்ட முகம்.

"சம்பந்தி, இது நம்ம சீனா டாக்டரம்மா. எம்பட கூடப் படிச்சவங்க. இவங்க தம்பி எல்லாத்தையும் வித்துக் கனடா போறாரு. இவங்களுங் கெளம்பீருவாங்க."

"நான் போகலீங்க" என்றேன்.

"எல்லாரும் அப்புடித்தானுங்க சொல்றாங்க" என்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடித்துவிட்டது. குரலை உயர்த்தினார். "நாங்க குத்தஞ் சொல்லலீங்க. வந்த எடத்துல வேர் புடிக்காது, அது உங்க சாதி வாகு. எம்பட பையனைப் பாருங்க. பதினொரு வருஷம் அமெரிக்காவுல இருந்துபோட்டு, கொடியை மாத்தாம, இந்தக் கல்லுக்கு முன்னால வந்து நிக்கறான். இதுதானுங்க ரத்தம்."

எனக்குள் ஐம்பது வருஷம் ஒரே சமயத்தில் எழுந்து நின்றது. சித்தப்பா, சாணி, வரிசை, மூன்று தடவைக் காப்பி, முறுக்கு, எல்லாம். பையனுக்குக் கொடுத்த வாக்கு எங்கே போனதென்று தெரியவில்லை.

"அவன் மார்ச்சுலயே மாத்தீட்டானுங்க" என்றேன். நல்ல உரக்கச் சொன்னேன். மேளம் அப்போதுதான் நின்றிருந்தது. "அமெரிக்கா சிட்டிசன் ஆயிட்டான். இந்தியாவுக்கு இருந்த விசுவாசத்தை முழுசா விட்டுட்டேன்னு கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணீட்டு வந்திருக்கறான். வெளிநாட்டுக்காரங்க வரிசையில எனக்கு முன்னால நின்னான். கேட்டுப் பாருங்க."

பந்தலில் எல்லாத் தலையும் கல்லின் பக்கம் திரும்பியது. நிதீஷ் கல்லுக்கு முன்னால் தேங்காயோடு நின்றவன் தலையைக் குனிந்துகொண்டான். செங்கோட்டையன் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். பொய் சொல்வானேன், அந்தக் கணம் எனக்கு இனித்தது.

சம்பந்திதான் முதலில் வாயைத் திறந்தார். "மாப்ள, நெசமாலுமுங்களா?"

நிதீஷ் மெதுவாகத் தலையாட்டினான்.

"சிட்டிசனே ஆயிட்டீங்களா?"

"ஆமாங்க மாமா."

"அட என்ற சாமி!" சம்பந்தி இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்துவிட்டார். "க்ரீன் கார்டுன்னா பொண்டாட்டிக்கு விசா வர நாலஞ்சு வருஷம் ஆகுமுன்னு சொல்லி எம்பட பிள்ளை மூணு நாளாச் சோறு திங்கலீங்க! சிட்டிசன்னா உடனே கூட்டிட்டுப் போயிரலாமல்லொ! ஏனுங்க, இந்த நல்ல சேதிய எதுக்குங்க மூடி வெச்சிருந்தீங்க?"

பிறகு நடந்ததை நான் நின்று பார்த்தேன். அவர் ஓடிப்போய் மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டார். யாரோ மணமகள் அறைக்குச் சேதி கொண்டுபோனார்கள், பிரவீனா என்ற அந்தப் பெண் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து அழுதாள், சந்தோஷத்தில். சுற்றி நின்றவர்கள் செங்கோட்டையன் கையைப் பிடித்துக் குலுக்க ஆரம்பித்தார்கள். அமெரிக்கா சிட்டிசனுங்களா, சொல்லவே இல்லீங்களே, பெரிய விஷயமாச்சே. அவருடைய முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. முதலில் கன்னத்துக்கு, அப்புறம் மீசைக்கு. ஐந்தாவது ஆள் கை குலுக்கும்போது, "அடக்கமான பையனுங்க, பெருமை பேசமாட்டான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் விடவில்லை. அருமைக்காரரிடம் போனேன். "ஏனுங்க, வேற நாட்டுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தவரு இந்தக் கல்லைக் கும்புடலாமுங்களா?"

நஞ்சுண்டன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நல்ல நேரம் போயிட்டு இருக்குதுங்க அம்மிணி. சித்த தள்ளி நில்லுங்க. கல்லென்ன பாஸ்போட்டா கேக்குது? கும்புடு கண்ணு, கும்புடு." நிதீஷ் கும்பிட்டான். மேளம் ஓங்கியது.

பந்தியில் செங்கோட்டையனே வந்து என் இலையைக் கவனித்தார். கோபமே இல்லை. அதுதான் என்னை இன்னும் எரித்தது.

"எம்பட பையன் எனக்குப் பயந்து சொல்லாம இருந்துட்டான். நீங்க போட்டு ஒடைச்சது நல்லதாப் போச்சுங்க டாக்டரம்மா. சம்பந்திக்கு ஒரே சந்தோஷம்."

சாப்பிடும் கையை உதறிவிட்டு, இடது கையால் கைப்பையைத் திறந்து காகிதத்தை இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். "அப்ப இதுக்கு என்னங்க தடை? உங்க பையன் இந்த நாட்டை உட்டுடறேன்னு சத்தியம் பண்ணுனான், மாலை போட்டீங்க. நான் இங்கயே இருக்கறேன்னு சத்தியம் பண்றேன். நெசம்னு ஒரு கையெழுத்துப் போடுங்க."

அவர் காகிதத்தை எடுக்கவில்லை. அதன்மேல் ரசம் தெறித்துவிடப் போகிறதே என்று ஒரு விரலால் தள்ளி மட்டும் வைத்தார். என் பக்கத்தில் குனிந்து, யாருக்கும் கேட்காதபடி, பிரியமாகவே பேசினார்.

"அது வேறீங்க, டாக்டரம்மா. உங்களுக்குத் தெரியாததா? எம்பட பையன் எங்க போயி எதுல கையெழுத்துப் போட்டாலும் அவன் நம்ம பையந்தான். அது மாறாதுங்க. நீங்க இங்கயே பொறந்து இங்கயே செத்தாலும், தப்பா நெனைக்காதீங்க, சீனாக்காரங்கதானுங்களே? அதுவும் மாறாதுங்க. கடைசி வரைக்கும் நாங்க உங்கள நல்லாப் பாத்துக்குவோம். கையெழுத்து மட்டும் வேண்டாமுங்க." நிமிர்ந்து, "தம்பி, இந்த எலைக்குப் பாயசம் ஊத்து" என்றார்.

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். நான் அந்த வீட்டு மருமகள்கூட இல்லை. குடத்தைத் தொட்டாலே உடைத்ததாகத்தான் கணக்கு. பாயசத்தைத் தொடாமல் இலையை மூடிவிட்டு எழுந்தேன். மேட்டுப்பாளையம் ரோட்டில் நின்று, வந்த பஸ்ஸில் பட்டுப்புடவையோடு நின்றுகொண்டே வீடு வந்தேன்.

பிரான்சிஸ் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டான். "நான் சொன்னேனில்லக்கா" என்று கனடா மனுவைப் பேனாவோடு நீட்டினான்.

"நீயும் அந்தாளும் ஒண்ணுதான்டா" என்று கத்தினேன். "ரெண்டு பேருமே என்னை இங்கிருந்து கெளப்பத்தான் பாக்கறீங்க. அவன் சிரிச்சுட்டுச் சொல்றான், நீ பாசத்துல சொல்றே." அவன் மனுவைக் கீழே வைத்தான். பெட்டிக்கு நூல் சுற்றப் போய்விட்டான். அவனைத் திட்டியிருக்கக் கூடாது, ஆனாலும் திட்ட அன்றைக்கு வேறு யாரும் கைக்கு அகப்படவில்லை.

மறுநாள் காலையில் பின்னறைக்குப் போனேன். மெஹராஜ் மாவுக்கட்டு அச்சில் ஒரு கீழ்த்தாடையைச் செதுக்கிக்கொண்டிருந்தார். அவர் மேஜைமேல் காகிதத்தை வைத்தேன்.

"மெஹராஜ், இதுல நீங்க கையெழுத்துப் போடுவீங்களா?"

படித்துப் பார்த்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

"நானுங்களா? வேண்டாமுங்க டாக்டரம்மா. இந்த வருசம் எம்பட கையெழுத்து எதுக்கும் ஆகாதுங்க. உங்க பேருக்குப் பக்கத்துல எம்பட பேரு இருந்தா, ஒரு சந்தேகம் ரெண்டாயிரும். பெரிய ஆளு ஆரையாவது பாருங்க."

"பெரிய ஆளைப் பாத்தாச்சுங்க. இன்னொரு இந்தியாக்காரரு போட்டாப் போதும்னுதான் சட்டம். நீங்க இந்தியாக்காரருதானுங்களே?"

மெஹராஜ் என்னை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "பிப்ரவரியிலிருந்து போறவன் வாரவனெல்லாம் இதைத்தானுங்க கேட்டுட்டு இருக்கறான். இப்ப நீங்களுமுங்களா?"

செங்கோட்டையன் ஒரு பந்தி முழுவதும் எனக்குச் செய்ததை, நான் ஒரே வாக்கியத்தில் இவருக்குச் செய்திருந்தேன்.

"நான் சந்தேகப்பட்டுக் கேக்கலீங்க மெஹராஜ். தெரிஞ்சுதான் கேட்டேன். ஆனா கேட்டது தப்பு."

அவர் எழுந்து குழாயடிக்குப் போனார். கையிலிருந்த மாவையெல்லாம் நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டு வந்து, காகிதத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"இதுல இருக்கறது அத்தனையும் நெசந்தானுங்க. நெசத்தை எழுதறதுக்கு எனக்கென்ன பயம்?" என்று சொல்லிவிட்டு, தமிழில், முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வக்கீலுக்கு போன் செய்து சொன்னேன். இந்தச் சமயத்தில் இந்தப் பெயரோடு போனால் மனு நிற்காது, நிச்சயம் தள்ளிவிடுவார்கள், இன்னும் யோசியுங்கள் என்றார். யோசிக்க எதுவும் பாக்கியில்லை. தள்ளுவதானால் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தே தள்ளட்டும், அதை எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தள்ளட்டும் என்று, அன்று மத்தியானமே மனுவைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.